கணிப்பொறிக்கு நம் வியாபாரத்தை யார் சொல்லிக்கொடுப்பது?



பில் போடக் கம்ப்யூட்டர் வைக்காத மொத்த வியாபாரி இன்று நம்மிடையே அபூர்வம். 2017 ஜூலை 1-ஆம் தேதி ஜி.எஸ்.டி. வந்த பிறகு, விருப்பம் இருந்தவர்களும் இல்லாதவர்களும் அதற்கு வந்து சேர்ந்துவிட்டோம். எந்தக் கம்ப்யூட்டர் நல்லது, எந்தப் பிரிண்டர் மலிவு, வருடச் சந்தா எவ்வளவு என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொள்கிறோம். ஆனால் அதற்குள் உட்கார்ந்திருப்பது நம் வியாபாரம்தானா, வேறு யாரோ கற்பனை செய்த வியாபாரமா என்று கேட்பதில்லை. நானும் கேட்கவில்லை. அதனால் எனக்கு நேர்ந்த சங்கடத்தையும், அதன்பின் தெரிந்துகொண்டதையும் உறுப்பினர்களோடு பகிர்ந்துகொள்ளவே இந்தக் கட்டுரை.

எங்களுடையது மளிகை மொத்த வியாபாரம். தகப்பனார் காலத்திலிருந்து அரிசி, பருப்பு, எண்ணெய், சோப்பு வகையறா. 2021-இல் எங்களுக்கென்றே ஒரு புரோகிராம் எழுதி வாங்கினோம். தரகு, ஏற்றுக்கூலி, தவணை வரவு என்று எங்கள் கடைக்குச் சில வழக்கங்கள் உண்டு; ரெடிமேட் சாப்ட்வேர் சரிப்படாது என்று நினைத்தோம். எழுதிக் கொடுத்த இளைஞர் கெட்டிக்காரர். மூன்று மாதத்தில் முடித்தார். திரையில் பார்க்க லட்சணமாக இருந்தது. பழைய கணக்குப்பிள்ளை அதற்கு முந்தைய வருடம்தான் ஓய்வு பெற்றிருந்தார். அவரைக் கூப்பிட்டுக் கேட்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

எங்களிடம் இருபத்திரண்டு வருடமாகச் சரக்கு எடுக்கும் அண்ணாச்சி ஒருவர் இருக்கிறார். அவருக்கும் அவருடைய தம்பிகள் இருவருக்குமாக மூன்று கடைகள். மூன்றும் ஒரே கூட்டு வியாபாரம், ஒரே ஜி.எஸ்.டி. பதிவு. பில் அந்தந்தக் கடைக்குத் தனித்தனியாகப் போகும். பணம் மட்டும் பதினைந்து நாளைக்கு ஒரு முறை, திங்கட்கிழமை காலையில், அண்ணாச்சி கையால் மொத்தமாக வரும். "பழைய பில்லுல இருந்து கழிச்சுக்கோங்க" என்பார். அவ்வளவுதான் பேச்சு.

எங்கள் புரோகிராமிலோ ஒரு ரசீதுக்கு ஒரு பில்தான். மூன்று லட்சம் வந்தால் பையன் ஏதோ ஒரு பில்லைக் காட்டி வரவு வைப்பான். மிச்சம் பெரிய கடை பெயரில் முன்பணமாக நின்றுவிடும். தம்பிகள் கடைப் பில்கள் பாக்கியாகவே கிடக்கும். 2022 தீபாவளிக்கு ஒன்பது நாள் முன்பு, கடன் வரம்பு தாண்டிவிட்டது என்று கம்ப்யூட்டர் பில் போட மறுத்தது. "பாக்கியைக் கட்டிட்டு ஏத்துங்க" என்று பையன் வண்டிக்காரரிடம் சொல்லி அனுப்பிவிட்டான். அதே நேரத்தில் தம்பிகள் இருவர் செல்போனுக்கும் பாக்கிக் குறுஞ்செய்தி போயிருக்கிறது.

மாலையில் அண்ணாச்சி நேரில் வந்தார். சத்தம் போடவில்லை. எங்கள் ரசீதுகளைத் தேதிவாரியாக மேஜையில் அடுக்கினார். "தம்பி, உங்க அப்பா காலத்துல என்கிட்ட பாக்கி கேட்டு ஒரு நாள்கூட ஆள் வந்ததில்ல" என்றார். அந்தத் தீபாவளிச் சரக்கை வேறு இடத்தில் எடுத்துக்கொண்டார்.

புரோகிராம் எழுதியவரைக் கூப்பிட்டேன். "சார், ஒரு ரசீதுக்கு ஒரு பில்லுன்னு நினைச்சுத்தான் எழுதினேன். நீங்க வேற மாதிரி சொல்லலையே" என்றார். உண்மைதான். அவர் கேட்கவில்லை, நான் சொல்லவில்லை. அவர் யூகித்தது எங்கள் கடைச் சட்டம் ஆகிவிட்டது.

தாளில் வரைய வேண்டிய படம்

இந்த யூகத்துக்கு இடம் கொடுக்காமல் இருப்பதற்கென்றே மென்பொருள் துறையில் ஒரு வேலை உண்டு. லாஜிக்கல் டேட்டா மாடல் என்று அதற்குப் பெயர். பெயரைக் கண்டு மிரள வேண்டாம். நம் வியாபாரத்தில் எவை எவற்றுக்குக் கணக்கு வைக்கிறோம், அவற்றில் ஒவ்வொன்றையும் எதை வைத்து அடையாளம் காண்கிறோம், ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் என்ன சம்பந்தம் என்று தாளில் எழுதி வைப்பதுதான் அது. எந்த மெஷின், எந்தக் கோப்பு, எந்தக் கம்ப்யூட்டர் மொழி என்ற பேச்சே அதில் கிடையாது. அதனால்தான் நம்மால் அதைப் படித்துச் சரி, தவறு சொல்ல முடியும். புரோகிராமை நம்மால் படிக்க முடியாது.

இதற்கு வழி திறந்தவர் ஐ.பி.எம். கம்பெனியின் ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை பார்த்த எட்கர் காட். விவரங்கள் மெஷினுக்குள் எப்படிக் கிடக்கின்றன என்பது வேறு, அவற்றின் பொருள் என்ன என்பது வேறு என்று பிரித்து, எல்லா விவரத்தையும் அட்டவணைகளாகப் பார்க்கலாம் என்று 1970-இல் ஒரு கட்டுரையில் காட்டினார். 1976-இல் பீட்டர் சென் என்பவர், அந்தப் பொருளைக் கட்டங்களாலும் கோடுகளாலும் வரைந்து காட்டும் முறையைக் கொடுத்தார். பொருளுக்கு ஒரு கட்டம், சம்பந்தத்துக்கு ஒரு கோடு. இன்றும் வரைவது பெரும்பாலும் அந்த வழியில்தான்.

நமக்கு இது புதிதும் அல்ல. நாளேட்டில் ஒரு பற்று எழுதும்போது, பற்றுக்காரரின் ஊர், விலாசம், பழைய பாக்கி எல்லாவற்றையும் வரிக்கு வரி எழுதுவோமா? பக்கத்தில் பேரேட்டுப் பக்க எண்ணை மட்டும் குறிப்போம். அந்தப் பக்கத்தைத் திருப்பினால் ஆள் கிடைப்பார். ஆளுக்கு ஒரு பக்கம், நடப்புக்கு ஒரு வரி, இரண்டையும் இணைக்க ஓர் எண். அட்டவணைகளை இணைப்பதும் ஏறக்குறைய இதே காரியம்தான்.

எங்கள் கணக்குப்பிள்ளை ஐயாவின் பேரேட்டை எடுத்துப் பார்த்தபோது எனக்கு வெட்கமாகிவிட்டது. அண்ணாச்சி குடும்பத்துக்கு ஒரே பக்கம். சரக்கு எந்தக் கடைக்குப் போனது என்று ஓரத்தில் ஒரு எழுத்து. வரவு வந்தால் எந்தெந்தப் பில்லில் எவ்வளவு கழித்தது என்று சிவப்பு மையில் சின்னக் குறிப்பு. பற்றுக்காரர் ஒருவர், டெலிவரி இடம் மூன்று, ஒரு வரவு பல பில்லுக்கு. நாங்கள் பணம் கொடுத்து வாங்கியதில் இல்லாத மூன்றும் அந்தப் பேரேட்டில் இருந்தன.

ஒன்றா, பலவா?

இந்த வேலையில் உயிர்நாடி ஒரே கேள்விதான். ஒன்றுக்கு ஒன்றா, ஒன்றுக்குப் பலவா, பலவற்றுக்குப் பலவா? ஒரு ரசீது பல பில்களைத் தீர்க்கலாம். ஒரு பில் பல ரசீதுகளால் தீரலாம். இது பலவற்றுக்குப் பல. இப்படி இருந்தால் இரண்டு கட்டங்களுக்கு நடுவில் மூன்றாவதாக ஒரு ஏடு வேண்டும். அண்ணாச்சி கொடுத்த ரூ.3,00,000-இல் முதல் பில்லுக்கு ரூ.1,12,400, இரண்டாவதுக்கு ரூ.94,600 கழித்தால் மிச்சம் ரூ.93,000. மூன்றாவது பில் ரூ.1,40,000 என்றால் அதில் இந்த மிச்சத்தைக் கழித்தது போக ரூ.47,000 நிற்கும். 'எந்த ரசீதிலிருந்து, எந்தப் பில்லுக்கு, எவ்வளவு' என்ற இந்த மூன்று வரிகள் ரசீதுக்கும் சொந்தமல்ல, பில்லுக்கும் சொந்தமல்ல. அவற்றுக்கென்று இடம் வேண்டும். எங்கள் புரோகிராமில் அந்த இடம் இல்லாமல் போனதுதான் அத்தனைக்கும் மூலம்.

இதில் சறுக்குவது நாம் மட்டுமல்ல. சரக்கு திரும்பி வந்தாலோ, பில்லுக்குப் பிறகு விலை குறைத்தாலோ நாம் கொடுக்கும் கிரெடிட் நோட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஜி.எஸ்.டி. சட்டத்தின் 34-ஆவது பிரிவு முதலில் ஒரு பில்லுக்கு ஒரு கிரெடிட் நோட்டு என்ற தோரணையில்தான் எழுதப்பட்டிருந்தது. ஒரு மாதத்தில் இருபது பில் வாங்கிய கடைக்கு மாத முடிவில் ஒரே தள்ளுபடி கொடுத்தவர்கள் என்ன பாடுபட்டார்கள் என்பது உங்களில் பலருக்கு நினைவிருக்கும். 2018-இல் சட்டத்தைத் திருத்தி, 2019 பிப்ரவரி 1 முதல் பல பில்களுக்குச் சேர்த்துக் கிரெடிட் நோட்டு கொடுக்கலாம் என்றார்கள். அரசாங்கத்தின் இணையதளம் அதற்கு ஏற்ப மாறியது 2020-இல். சட்டத்தில் சில சொற்களை மாற்றியது போதவில்லை. உள்ளே அமைப்பும் மாற வேண்டியிருந்தது.

அதே ஜி.எஸ்.டி.யில் நன்றாக யோசித்துச் செய்த வேலையும் உண்டு. நம் பதிவு எண்ணைப் பாருங்கள். மொத்தம் 15 எழுத்து. முதல் இரண்டு மாநிலம், தமிழ்நாட்டுக்கு 33. அடுத்த பத்து நம் பான் எண். பதின்மூன்றாவது, அதே பான் எண்ணுக்கு அதே மாநிலத்தில் இது எத்தனையாவது பதிவு என்று சொல்கிறது. கடைசி எழுத்து, எண்ணைத் தப்பாக எழுதினால் கண்டுபிடிப்பதற்கு. ஆக ஒரு பான் எண்ணுக்குப் பல பதிவு இருக்கலாம். ஒரு பதிவுக்குக் கீழே பல கடைகளும் குடோன்களும் இருக்கலாம். ஆள், பதிவு, இடம் மூன்றும் வேறு வேறு என்று அங்கே பிரித்து வைத்திருக்கிறார்கள். எங்கள் புரோகிராமில் மூன்றுக்கும் சேர்த்து 'கஸ்டமர்' என்று ஒரே கட்டம்.

பில் எண் விஷயத்திலும் இதே கதைதான். பில் எண் 16 எழுத்துக்கு மிகாமல், ஒரு நிதியாண்டுக்குள் திரும்ப வராமல் இருக்க வேண்டும் என்பது விதி. அடுத்த நிதியாண்டில் திரும்ப வரலாம். இரண்டு சப்ளையர்களுக்கும் 145 என்று பில் இருக்கலாம். எனவே கொள்முதல் பில்லை அடையாளம் காண சப்ளையர், நிதியாண்டு, பில் எண் மூன்றும் சேர வேண்டும். எங்கள் புரோகிராம் எண்ணை மட்டும் பார்த்து 'ஏற்கெனவே உள்ளது' என்று மறுத்தது. பையன் என்ன செய்தான்? எண்ணுக்குப் பின்னால் ஒரு புள்ளி வைத்து ஏற்றிவிட்டான். கெட்டிக்காரத்தனம்தான்! மாதக் கடைசியில் ஆடிட்டர் ஆபீசில் 2பி படிவத்தோடு ஒத்துப்பார்த்தபோது புள்ளி வைத்தவை எதுவும் சேரவில்லை. உள்ளீட்டு வரிக்காக இரண்டு நாள் உட்கார்ந்து தேடினோம்.

சரக்கு என்றால் எது?

நாம் வாயால் சொல்லும்போது தெளிவாக இருக்கும் சொல், தாளில் எழுதும்போது நழுவும். 'சரக்கு' அப்படிப்பட்ட சொல். ஒரு சோப்பு. அதே கம்பெனி, அதே எடை. போன மாதம் வந்த பெட்டியில் ஒரு எம்.ஆர்.பி., இந்த மாதப் பெட்டியில் வேறு எம்.ஆர்.பி. இது ஒரு சரக்கா, இரண்டா? வாங்க வருபவருக்கு ஒன்று. விலை போடும் நமக்கு இரண்டு. சரக்கின் பெயர் ஒரு கட்டம், வந்து இறங்கிய லாட் இன்னொரு கட்டம் என்று பிரித்தால்தான் இரண்டும் நிற்கும். எம்.ஆர்.பி., காலாவதி தேதி, கொள்முதல் விலை எல்லாம் லாட்டுக்குச் சொந்தம்.

அரிசிச் சிப்பத்தில் இதைவிடப் பெரிய அடி வாங்கினோம். 2022 ஜூலை 18 முதல், 25 கிலோ வரை பையில் அடைத்து லேபிள் ஒட்டிய அரிசிக்கு 5 சதவீத வரி வந்தது. அதற்கு மேல் எடை இருந்தால் இல்லை. உடனே மில்காரர்கள் பலர் 26 கிலோ சிப்பம் போட ஆரம்பித்துவிட்டார்கள். எங்கள் கம்ப்யூட்டரில் 'ஒரு சிப்பம் = 25 கிலோ' என்று ஆணியடித்த மாதிரி இருந்தது. நூறு சிப்பம் இறங்கினால் நூறு கிலோ கணக்கில் வராது. அதோடு 25 கிலோ பழைய சிப்பத்துக்கு வரி உண்டு, 26 கிலோவுக்கு இல்லை. இரண்டையும் ஒரே பெயரில் வைத்துக்கொண்டு எப்படி பில் போடுவது? சிப்பம் என்பது ஓர் அளவல்ல. எடையும் வரியும் தனியாக உடைய ஒரு பேக்கிங். அதைத் தனிக் கட்டமாக வரைந்திருந்தால் அன்று காலையில் ஒரு வரி சேர்த்ததோடு வேலை முடிந்திருக்கும்.

வரி விகிதமும் சரக்கின் மேல் ஒட்டிக்கொண்டிருக்கும் எண் அல்ல. அதற்கு 'இந்தத் தேதியிலிருந்து' என்ற துணை வேண்டும். 2025 செப்டம்பர் 22-ஆம் தேதி குளியல் சோப்பு, ஷாம்பு, பற்பசை, தலைக்குத் தேய்க்கும் எண்ணெய் ஆகியவை 18-லிருந்து 5 சதவீதத்துக்கு இறங்கின. நெய்யும் வெண்ணெயும் 12-லிருந்து 5-க்கு வந்தன. விகிதத்தை அடித்து எழுதும் புரோகிராமில், ஆகஸ்டில் விற்ற ஷாம்பு அக்டோபரில் திரும்பி வந்தால் 5 சதவீதத்தில் கிரெடிட் நோட்டு அச்சாகும். 18 சதவீதத்தில் விற்றதை 18-இல்தான் திருப்ப வேண்டும். அதற்குள் நாங்கள் தேதியோடு கூடிய விகித ஏடு ஒன்று அமைத்துவிட்டிருந்ததால், அந்த முறை நிம்மதியாகத் தூங்கினேன்.

இன்னொரு சொல் 'இருப்பு'. பில் போட்டாகிவிட்டது, லாரி வரவில்லை, நாற்பது மூட்டை நம் குடோனிலேயே கிடக்கிறது. அது நம் இருப்பா? கணக்கு எழுதுபவர் இல்லை என்பார். குடோன்காரர் எண்ணிப் பார்த்து ஆம் என்பார். இருவர் சொல்வதும் சரி. 'நமக்குச் சொந்தமானது' என்பதும் 'நம் கூரைக்குக் கீழே இருப்பது' என்பதும் இரண்டு எண்கள். திரையில் 'ஸ்டாக்' என்று ஒரே எண் இருந்தால், அதை நம்பிக் கவுண்டரில் இருப்பவர் ஏற்கெனவே விற்ற மூட்டையை மறுபடி விற்பார். எங்கள் கடையில் இரண்டு முறை நடந்தது.

நாலு மாலைப் பொழுது

முடிவில் கணக்குப்பிள்ளை ஐயாவின் வீட்டுக்குப் போய் அழைத்து வந்தேன். அவர், நான், குடோன் மேஸ்திரி, பில் போடும் பையன், புரோகிராம் எழுதியவர் என ஐந்து பேர் நாலு நாள் மாலையில் உட்கார்ந்தோம். கம்ப்யூட்டரைத் திறக்கக் கூடாது என்று சொல்லிவிட்டேன். காலண்டர் அட்டையின் பின்பக்கத்தில் கட்டம் போட்டோம். ஒவ்வொரு கோட்டையும் ஒரு வாக்கியமாகத் தமிழில் எழுதினோம். "ஒரு வாடிக்கையாளருக்குப் பல டெலிவரி இடங்கள் இருக்கலாம்; ஒரு இடம் ஒரே வாடிக்கையாளருக்குத்தான் சொந்தம்." இப்படி முப்பதுக்கும் மேற்பட்ட வாக்கியங்கள். ஒவ்வொன்றையும் உரக்கப் படித்து, "அப்படித்தானா? எப்பவுமே அப்படித்தானா?" என்று கேட்போம். அந்த 'எப்பவுமே' கேட்கும்போதுதான் மேஸ்திரி தலையைச் சொறிவார். ஒரு விதிவிலக்கு வெளியே வரும்.

மூன்றாம் நாள் ஐயா ஒரு யோசனை சொன்னார். சாதாரணப் பில்லை வைத்துப் பார்ப்பதில் பயனில்லை, வில்லங்கமான பில்லாக எடு என்றார். பாதிச் சரக்கு திரும்பியது, இரண்டு பேர் பணம் கொடுத்தது, தரகர் பெயரில் போட்டு வேறு கடையில் இறக்கியது என்று பழைய கட்டுகளிலிருந்து பத்துப் பில் பொறுக்கினார். ஒவ்வொன்றுக்கும் எங்கள் கட்டங்களில் இடம் இருக்கிறதா என்று பார்த்தோம். நாலு பில்லுக்கு இடமே இல்லை. அட்டையை மாற்றி வரைந்தோம். அட்டையில் அழிப்பதற்கு ஒரு ரப்பர் போதும். புரோகிராம் எழுதிய பிறகு மாற்றியதற்கு நான் எவ்வளவு கொடுத்தேன் என்பதை இங்கே எழுத விரும்பவில்லை.

ஒன்று சொல்ல வேண்டும். புரோகிராம் எழுதுபவர்கள் பலருக்கு இந்த வேலையில் ஆர்வம் குறைவு. திரை காட்டினால் பணம் வரும், கட்டம் வரைந்தால் யார் கொடுப்பார்கள் என்ற எண்ணம். அவர்களைக் குற்றம் சொல்லிப் பயனில்லை, நாம்தான் அப்படிப் பழக்கியிருக்கிறோம். முன்பணம் கொடுக்கும்போதே, முதல் தவணை இந்தப் படத்துக்கும் வாக்கியங்களுக்கும்தான் என்று பேசிவிடுவது நல்லது.

ரெடிமேட் சாப்ட்வேர் வைத்திருப்பவர்களுக்கு இது வேண்டாமா என்று சிலர் கேட்டார்கள். அதற்குள்ளும் ஒரு மாடல் இருக்கிறது. வேறொருவர் யோசித்து வைத்தது. பல இடங்களில் நம்மைவிட நன்றாகவே யோசித்திருக்கிறார்கள். டாலியில் பில்வாரி விவரம் என்ற வசதியைப் பாருங்கள். ஒரு வரவைப் பல பில்களுக்குப் பிரிக்கலாம், முன்பணமாக வைக்கலாம், எந்தப் பில் என்று சொல்லாமலும் வரவு வைக்கலாம். எனக்கு வேண்டியிருந்தது அதுதான், அது எப்போதோ கடையில் விற்றுக்கொண்டிருந்தது! வாங்கும் முன் நம் வாக்கியங்களை எழுதிக்கொண்டு போனால், எது பொருந்துகிறது, எதற்கு நாம் வளைந்து கொடுக்க வேண்டும் என்று தெரியும். ரொக்கத்துக்கு மட்டும் விற்கும் ஒற்றைக் கவுண்டர் கடைக்கு இவ்வளவு தூரம் வேண்டியதில்லை. கடன், கிளை, குடோன் என்று ஒன்றாவது இருந்தால் வேண்டும்.

புதிய அமைப்பு ஓட ஆரம்பித்ததும் முதல் வேலையாக அண்ணாச்சி கணக்கை எடுத்து அச்சடித்தேன். நிறுவனம் ஒன்று, கடை மூன்று, எந்தத் திங்கட்கிழமை கொடுத்த பணம் எந்தெந்தப் பில்லில் கழிந்தது என்று வரிக்கு வரி. நானே எடுத்துக்கொண்டு அவர் கடைக்குப் போனேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒரு மணி நேரம் பார்த்தார். டீ வரவழைத்தார். கடைசிப் பக்கத்தில் விரலை வைத்து, "எல்லாம் சரிதான் தம்பி. மாசாமாசம் காலிச் சாக்கு திருப்பி அனுப்புறேனே, அது எங்க?" என்றார்.

சாக்கு எங்கள் படத்தில் எந்தக் கட்டத்திலும் இல்லை. ஐயாவின் பழைய பேரேட்டில் அது ஓரக் குறிப்பாகக்கூட இல்லை. அவர் மனக்கணக்கிலேயே வைத்திருந்தாராம். அன்று மாலை அட்டையில் இன்னொரு கட்டம் போட்டோம். அடுத்த திங்கட்கிழமை அண்ணாச்சியின் வண்டி வந்தது, மேலே காலிச் சாக்குக் கட்டோடு.